பித்தளையும் காகிதமும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துச் சனங்கள் பழைய சாமானை விற்பதைப் "பேரீச்சம்பழத்துக்குப் போடுவது" என்பார்கள். சைக்கிளில் கூடை கட்டிவரும் வியாபாரி ஓட்டைக் குடத்தையும் ஈயப் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, ஒரு பிடி பழம் கொடுத்துப் போன காலத்துப் பேச்சு அது. மருத்துவமனைகளின் பழைய கருவிகளும் அநேகமாக அந்த வழியாகவே போய்விட்டன. மிஞ்சியவை ஓய்வுபெற்ற டாக்டர் வீட்டுப் பரணிலும், காலஞ்சென்ற கம்பவுண்டரின் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன. அவற்றை எப்படி அறிவது, எப்படிப் பேணுவது என்பதே இந்த இதழின் பாடம்.

நம் நாட்டில் கருவிகளைத் தேடிச் சேர்த்தவர்களில் முதலாவது நினைக்கத்தக்கவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. 1777-இல் பிறந்த இவருக்கு இளவயதில் போதகராகவும் பாதுகாவலராகவும் இருந்தவர் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். 1798-இல் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். மறுவருஷமே ராஜ்ய நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அரண்மனையும் மாத்திரம் அவரிடம் மிஞ்சின. வேறொருவராயிருந்தால் வேட்டையும் விருந்துமாகக் காலத்தைக் கழித்திருப்பார். இவரோ காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு, மின்சாரம் உண்டாக்கும் யந்திரம், வானசாஸ்திரக் கருவிகள், தந்தத்தில் செதுக்கிய மனித எலும்புக்கூடு என்று சேர்த்துக்கொண்டே போனார். தன்வந்திரி மஹால் என்ற வைத்தியசாலையையும் நடத்தினார்.

ஆனால் இன்று ஆராய்ச்சியாளர்கள் அவரை வியந்து பேசுவதற்குக் காரணம் யந்திரங்கள் மாத்திரம் அல்ல. அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், நோயுற்ற கண்ணின் வண்ணப் படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் அகப்பட்டன. வந்தவர் யார், கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் கண் வலியோடு வந்து நின்ற ஓர் ஏழையை அந்தக் காகிதத்தின் வழியாகவே நாம் பார்க்கிறோம்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஓர் அறுவைக் கத்தி கையில் கிடைத்தால் முதலில் கைப்பிடியைப் பாருங்கள். தந்தம், கருங்காலி, கொம்பு இவற்றாலான பிடி கொதிநீரையும் நீராவியையும் தாங்காது. வெடிக்கும், பிசின் விட்டுக் கழன்றுவிடும். லிஸ்டர் 1867-இல் கிருமிநாசினி முறையை வெளியிட்ட பின்பு, அந்த நூற்றாண்டின் கடைசியில் கருவிகளை வேகவைத்துச் சுத்தம் செய்வது வழக்கத்துக்கு வந்தது. அதுமுதல் பிடியும் உலோகமாயிற்று. மேலே நிக்கல் முலாம் பூசினார்கள். துருப்பிடிக்காத எவர்சில்வர் கருவிகள் பரவியது 1920-களுக்குப் பிறகு. ஆகவே தந்தப்பிடி, நிக்கல் முலாம், எவர்சில்வர் என்ற மூன்று தலைமுறைகளைக் கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். எனினும் பழைய டாக்டர்கள் கைப்பழக்கத்தை எளிதில் விடமாட்டார்கள். மரப்பிடிக் கத்தியைப் பேரன் காலம்வரை வைத்திருந்தவர்களும் உண்டு. பிடியை மாத்திரம் நம்பி வருஷம் சொல்லத் துணியாதீர்கள்.

கண் கருவிகளில் இப்பக்கத்தில் கிடைக்கக்கூடியவை கிரேஃபே என்ற ஜெர்மானிய டாக்டரின் பெயர் கொண்ட மெல்லிய புரைக் கத்தி, கண்ணாடி வில்லைகள் அடுக்கிய பெட்டி, கண்ணின் அழுத்தத்தை அளக்கும் ஷியாட்ஸ் கருவி ஆகியவை. ஷியாட்ஸ் கருவி 1905-இல் நார்வே நாட்டில் வந்தது. அதோடு 5.5, 7.5, 10 கிராம் எடையுள்ள சிறு குண்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று தொலைந்தாலும் பெட்டி குறைப்பட்டதே.

சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1904 முதல் 1913 வரை மேற்பார்வையாளராயிருந்த எலியட் என்ற ஆங்கிலேய டாக்டரும் சேகரிப்பவர்தான். கண் அழுத்த நோய்க்காக வெண்விழியில் சிறு துளை போடும் வட்டக் கத்தியால் பேர்பெற்றவர். நாட்டு வைத்தியர்கள் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளே தள்ளும் முறையால் கெட்டுப்போன கண்களை அவர் சேகரித்து ஆராய்ந்து, 1917-இல் லண்டனில் அதுபற்றி உரையாற்றினார். அவரும் கண்ணோடு நோயாளியின் வரலாற்றையும் எழுதி வைத்தார்.

எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் வெங்கடசாமியை உங்களில் அநேகர் அறிவீர்கள். மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டே அவர் லட்சம் கண்களுக்கு மேல் அறுவை செய்தார்; 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையையும் தொடங்கினார். அப்படிப்பட்ட ஒரு கருவியை, யாருடைய கை என்று சொல்லாமல் மேசைமேல் வைத்தால், யார் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்? யோர்தானைக் கடந்தவர்கள் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினபோதும், பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டிய செய்தி கற்களோடேகூட இருந்தது.

பேணும் முறையில் முதல் எச்சரிப்பு: பித்தளை மைக்ராஸ்கோப்பைப் புளி போட்டு விளக்காதீர்கள். பிராசோவும் வேண்டாம். செய்தவர்கள் மேலே பூசிய மெல்லிய பொன்னிற வார்னிஷ் அதோடு போய்விடும். வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயரும் எண்ணும் தேய்ந்துவிடும். எண் போனால் வயதறியும் வழியும் போயிற்று. வில்லைகளைத் துணியால் துடைக்குமுன் தூசியை ஊதி அகற்றுங்கள். நம் கரிசல் புழுதி கண்ணாடியைக் கீறும். அதே வறண்ட காற்று, கடற்கரை ஊர்களில் வில்லைமேல் படரும் பூஞ்சையை இங்கே அதிகம் வரவிடாது. அது நமக்கு ஒரு சகாயம். பாதரச இரத்த அழுத்தக் கருவியை நிமிர்த்தியே வையுங்கள். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். தந்தப்பிடி உள்ளவற்றை விற்பதும் வாங்குவதும் நம் தேசத்துச் சட்டத்துக்கு விரோதம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை வெளிதேசத்துக்கு அனுப்பவும் தடை உண்டு.

இதையெல்லாம் கற்பிக்கிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் ஊழியம் செய்த ஒரு மருத்துவமனையில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தார்கள். பழைய கருவிகளைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னவன் நான். கண்ணாடி அலமாரியும் வந்தது. அதில் எனக்குச் சற்றே பெருமையும் இருந்தது. கண் முகாம் ரிஜிஸ்டர்கள் பைண்டு பிரிந்து, கரையான் அரித்து, நாலு மூட்டை கிடந்தன. "பழைய பேப்பர்" என்று பட்டியலில் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். கிலோக் கணக்கில் போயிற்று.

ஒரு வருஷம் கழித்துத் திருச்சுழிக்குத் தெற்கே குண்டாற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தார். புரை எடுத்தபின் கண்ணுக்குள்ளே வில்லை வைக்காத காலத்தில் போட்ட கனத்த கண்ணாடி.

"எங்க ஆத்தா போட்டதுங்கய்யா. அவுக போயி மூணு வருசமாச்சு. ஒரு போட்டோகூட எடுக்கல. முகாம்ல நோட்டுல கைநாட்டு வச்சாக, நான் கூட நின்னேன். அதை ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அலமாரியின் முன் நின்று கத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல எதுங்கய்யா ஆத்தாவுக்கு?" என்று கேட்டார். அதற்கும் என்னிடத்தில் பதில் இல்லை.

ஒரு தாளை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஆத்தாவின் பெயர், ஊர், முகாம் நடந்த பள்ளிக்கூடம், கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த வருஷம் அது என்று அவர் கணக்கிட்ட விதம், கட்டு அவிழ்த்ததும் ஆத்தா முதலில் பார்த்தது பக்கத்துக் கட்டில்காரியின் வளையலை என்பது. வாசித்துக் காட்டச் சொன்னார். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு கீழே தம் கையெழுத்தைப் போட்டு, கண்ணாடியை அந்தத் தாளின்மேல் வைத்தார்.