தீவுக்குப் போகும் குளிர்ப்பெட்டி

பொதுச் சுகாதாரக் களப்பயிற்சிக்காக நான் அனுப்பப்பட்டது யாழ்ப்பாணத் தீவகத்துக்கு. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் பஸ்ஸில் போய்விடலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இத்துறையில் படிக்க விரும்பும் தங்கையருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அங்கு கற்றவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சுகாதாரப் பிரிவு முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது. நோயாளி வரும்வரை வைத்தியசாலையில் காத்திராமல் ஊருக்குள் போய் நோயைத் தடுப்பதே அதன் நோக்கம். இன்று அந்த வேலையின் பெரும்பாரம் குடும்பநல உத்தியோகத்தரின் தோளில்தான். தாய்மார் அவரை ‘மிஸ்’ என்பார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி என்பது பதிவேட்டைத் திறக்காமலே அவருக்குத் தெரியும்.

கிளினிக் நாளில் முதலில் பார்ப்பது தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி. அதனுள் வெப்பநிலை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் உண்டு. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் கழிக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கும் விளங்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சூடு மட்டுமே பகை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்களுக்கான ஊசி மருந்து உறைந்தாலும் பழுதாகிவிடும்.

9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் சின்னமுத்துத் தடுப்பு மருந்தைக் கரைத்தால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. சோளகம் எழும்பிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு நின்றால் எல்லாம் பிந்தும். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அந்நோய் மீண்டும் பரவியது. தவறவிட்ட ஓர் ஊசியைச் சிறியதென்று நினைக்க முடியாது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது தராசுதான். குழந்தையின் பிறப்பு நிறை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகி, ஒரு வயதில் மும்மடங்காக வேண்டும். எட்டு மாதப் பிள்ளை ஒருவனின் கோடு இரண்டு மாதமாகக் கிடையாகவே நின்றது. திரிபோஷா கிடைக்கிறது, மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு. நாளுக்கு 50 கிராம் வீதம் முப்பது நாளுக்குப் போதும். மூன்று பிள்ளைகள் பகிர்ந்தால் பத்து நாளில் முடிந்துவிடும்.

“மூத்ததுகள் ரெண்டும் பாத்துக்கொண்டு நிக்கேக்க இவனுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிறது, மிஸ்?” என்று கேட்டார் தாய்.

மிஸ் அவரைக் கண்டிக்கவில்லை. வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். மீன் இருந்தது; ஆனால் குழந்தைக்குப் போனது சோற்றில் விட்ட சொதி மட்டும். முள் நீக்கிய மீனையும் முருங்கையிலையையும் சோற்றோடு மசித்து, கரண்டியிலிருந்து வழியாத தடிப்பில், கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுக்கச் சொன்னார். மூத்த பிள்ளைகளையும் அடுத்த கிளினிக்குக் கூட்டிவரச் சொல்லி அவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் மூன்று பேரும் வந்தார்கள். சின்னவன் 350 கிராம் ஏறியிருந்தான். இரண்டாமவளின் நிறை குறைவாக இருந்ததால் அவளுக்கும் திரிபோஷா பதியப்பட்டது.