பழுது பார்த்தல்

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு முறை உதறிப் பார்க்கிறோம். காதில் வைத்துக் கேட்கிறோம். பிறகு மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிலும் அப்படி ஒரு கடிகாரம் ஆறு ஆண்டுகளாக இழுப்பறையில் கிடந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அவளுடைய தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா அது. தாத்தாவின் மறைவுக்குப் பின் அதற்குச் சாவி கொடுப்பார் இல்லை.

சென்ற ஆண்டு பாட்டி அதை ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினார். "உள்ளே உள்ள மிஷினை எடுத்துவிட்டு, செல் போடும் மிஷினை வைத்துத் தருகிறோம். டயலையும் புதிதாக்கிவிடலாம்" என்றார்கள். பாட்டி சம்மதிக்கவில்லை. "எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது அவருடைய கடிகாரம் ஆகுமா?" என்று கேட்டாராம். இந்தக் கேள்வியைத் தோழி வகுப்பில் சொன்னபோது, எங்களுக்கு இயற்பியலில் 'அலைவுகள்' பாடம் நடந்துகொண்டிருந்தது. "வாருங்கள், பாடத்தை நேரிலேயே பார்த்துவிட்டு வருவோம்" என்றார் எங்கள் ஆசிரியையான அருட்சகோதரி. ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பேர் அவருடன் புறப்பட்டோம்.

திருச்சி தெப்பக்குளத்தின் அருகே, ஒரு சந்தில், நான்கு அடி அகலமே உள்ள கடை அது. ஒரு மேசை, ஒரு விளக்கு, தூசி படாமல் பாகங்களை மூடி வைக்கும் கண்ணாடிக் கிண்ணங்கள், சுவர் நிறையத் தகர டப்பாக்கள். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

கடிகாரத்தைக் கொடுத்தவுடன் திறப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் திறக்கவில்லை. சாவியை மெல்லத் திருகிப் பார்த்தார். முள்ளை நகர்த்திப் பார்த்தார். "கீழே விழுந்ததா? தண்ணீர் பட்டதா? இதற்கு முன் யார் திறந்தார்கள்?" என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் ஊர் மருத்துவர் நாடி பிடித்துக் கேட்பது போலவே இருந்தது. அதன் பிறகே பின்மூடியைத் திறந்து, லென்ஸை எங்களிடம் கொடுத்தார்.

தோழியரே, அந்தச் சிறு வட்டத்துக்குள் நாங்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாம் சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்னும் எஃகுச் சுருள் இறுகி, நம் விரலின் ஆற்றலைச் சேமித்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் பற்சக்கரங்கள் வழியாகச் செல்கிறது. தடுப்பார் இல்லையென்றால் சுருள் சில நொடிகளில் முழுவதும் அவிழ்ந்துவிடும். அதைத் தடுத்துச் சிறிது சிறிதாக விடுவதற்குக் கவை போன்ற ஒரு பாகம் இருக்கிறது. கடைசிச் சக்கரத்தின் பற்களை அது பிடித்துப் பிடித்து விடும் ஓசையே 'டிக் டிக்'. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அதற்கு ஆணையிடுவது, இப்புறமும் அப்புறமும் சுழன்று ஆடும் பேலன்ஸ் சக்கரமும் அதனுடன் இணைந்த ஹேர் ஸ்பிரிங்கும் ஆகும். கடிகாரத்தில் இத்தகைய சுருள்வில்லை 1675இல் கொண்டுவந்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ்.

அந்தச் சக்கரம் முழுதாக ஒரு முறை ஆடிவர இரண்டு டிக். இந்த ஜனதாவில் நொடிக்கு ஐந்து டிக். எனவே அலைவெண் 2.5 ஹெர்ட்ஸ். மணிக்கு 18,000 டிக், நாளுக்கு 4,32,000. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம்! இவ்வளவு உழைப்பையும் தாங்குவதற்காகவே அச்சு முனைகள் செயற்கை மாணிக்கக் கற்களில் அமர்ந்து சுழல்கின்றன. டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பதன் பொருள் இதுதான். அது அலங்காரம் அன்று.

பெரியவர் கண்ட பழுதுகள் மூன்று. முதலாவது, பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. இரண்டாவது, எப்போதோ யாரோ எண்ணெயை அதிகமாக விட்டதால் அது ஹேர் ஸ்பிரிங்கிலும் பரவியிருந்தது. "இதற்கு மட்டும் எண்ணெயே படக்கூடாது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் வேகமாக ஓடும்" என்றார். ஏன் என்று ஆசிரியை எங்களைக் கேட்டார். சுற்றுகள் ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்தது போலாகும். குறைந்தால் விறைப்பு கூடும். அலைவு நேரம் குறையும். பாடநூலில் மனப்பாடம் செய்த விதி கண்முன் நின்றது. காந்தம் பட்டாலும் இதே கதிதான். ஆகையால் இத்தகைய கடிகாரத்தை ஒலிபெருக்கியின் அருகிலோ கைப்பேசியின் மேலோ வைக்கக்கூடாது.

மூன்றாவது பழுதுதான் கடிகாரத்தை நிறுத்தியது. கீழே விழுந்ததில் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஒடிந்திருந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பருமனுள்ள முனை அது. மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவது? ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. பெரியவர் ஒரு தகர டப்பாவை இறக்கினார். அதில் இனி ஓடவே முடியாத பழைய ஜனதாக்கள் இருந்தன. "இவை செத்தும் கொடுப்பவை" என்று சிரித்தார்.

பிறகு தோழியிடம் திரும்பி, "பாப்பா, பாட்டிக்கு இது ஓட வேண்டுமா, புதிதாகத் தெரிய வேண்டுமா? இரண்டும் வேறு வேறு வேலை" என்றார். டயல் மஞ்சளித்து, 4 என்ற எண்ணின் அருகே கறை படிந்திருந்தது. "ஓடினால் போதும்" என்றாள் அவள். அவர் கீறல் விழுந்த மேல்கண்ணாடியை மட்டும் மெருகேற்றுவதாகச் சொன்னார். டயலைத் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். பாகங்களைத் தனித்தனியே பிரித்துக் கழுவி, தேவையான இடங்களில் மட்டும் துளியினும் சிறு துளியாக எண்ணெய் வைத்துப் பூட்டியிருந்தார். கடிகாரம் நாளுக்கு 20 நொடி பின்தங்கியது. எங்களுள் ஒருத்தி, "இவ்வளவு பிழையா?" என்று கேட்டுவிட்டாள். ஆசிரியை கணக்குப் போடச் சொன்னார். நாளுக்கு 86,400 நொடிகள். அதில் 20 போனால் நூற்றுக்கு 99.97க்கு மேல்! எங்களில் யார் அத்தனை மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்? நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமானது என்பது உண்மை. ஆனால் இந்தப் பழைய இயந்திரத்தின் ஒவ்வொரு பிழையையும் கண்ணால் கண்டு கையால் திருத்த முடிகிறது.

திரும்பும் வழியில் ஆசிரியை கேட்டார்: "இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?" பழுது பார்த்தல். சரி செய்தல் என்று சொல்லாமல் பார்த்தல் என்று ஏன் சொன்னார்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் கடையில் பார்க்காமலே மாற்றத் துணிந்தார்கள். இவர் பார்த்தார், பார்த்ததனால் மாற்ற வேண்டியது ஒன்றே என்று கண்டார். படிப்பில் பின்தங்கும் தோழியையும், முகம் வாடிய தங்கையையும் நாம் இப்படிப் பார்க்கிறோமா?

ஒன்று மட்டும் மனத்தை வருத்தியது. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள இப்போது யாரும் இல்லை. "பெண்பிள்ளைகள் கற்கலாமா ஐயா?" என்று தோழி கேட்டாள். "கை நடுங்காதவர் எவரும் கற்கலாம் அம்மா. பரீட்சை முடியட்டும், வா" என்றார். அவள் போகத்தான் போகிறாள்.

அந்த 20 நொடியைக் குறைத்துத் தரட்டுமா என்று பெரியவர் கேட்டனுப்பினார். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். காலை ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளைச் செப மணி அடிக்கும்போது, சாவி கொடுத்து முள்ளைச் சரிசெய்வது தாத்தாவின் வழக்கமாம். இப்போது அதைப் பாட்டி செய்கிறார்.