சத்தம் வராத பெடல்: அயர்னைச் சூடாக்கும் முன்

பென்னாகரம் வட்டத்து ஏரியூரில் உட்கார்ந்து கிட்டார் பெடல் கட்டுகிறவர், ஒரு ட்ரான்ஸிஸ்டரோ ஃபுட் சுவிட்சோ வேண்டுமென்றால் பெரும்பாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டையோ சென்னை ரிச்சி தெருவையோதான் நம்ப வேண்டும். கூரியர் வந்து சேர நாளாகும். அதனால் கட்டி முடித்த பெடல் ஊமையாக நிற்கும்போது, "ட்ரான்ஸிஸ்டர் போயிருக்கும்" என்று ஊகித்துக் கழற்றுவது இங்கே கட்டுப்படியாகாத பழக்கம். அது தேவையும் இல்லை. புதிதாகக் கட்டிய சர்க்யூட்டில் பாகம் கெட்டிருப்பது அபூர்வம். பாகங்கள் தொழிற்சாலையில் சோதனை முடிந்து வந்தவை. சால்டர் புள்ளிகளோ பழகாத கை ஒவ்வொன்றாக வைத்தவை. சந்தேகம் முதலில் கையின் வேலைமேல்தான் போக வேண்டும். பழுது எந்த இடத்தில் என்று தெரியும்வரை சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள் என்பதே என் வாதம். சாதாரண மல்டிமீட்டரும் காதும் இருந்தால் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம்.

முதலில் பெடலை ஆஃபில் வைத்துக் கிட்டாரை மீட்டுங்கள். அப்போதே சத்தம் இல்லையென்றால் போர்டைத் தொடவே வேண்டாம்; கோளாறு பெரும்பாலும் ஜாக்கிலோ ஃபுட் சுவிட்சிலோ இவற்றை இணைக்கும் ஒயரிலோ இருக்கும். ஜாக்கில் சிக்னல் ஒயரும் கிரவுண்ட் ஒயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃபில் சத்தம் வந்து ஆன் செய்ததும் நின்றால், அடுத்து பார்க்க வேண்டியது மின்சாரம். இதில் புதியவர்களை ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. பல பெடல்களில் கிட்டார் செருகும் ஜாக் ஸ்டீரியோ வகை. பேட்டரியின் மைனஸ் ஒயர் அதன் நடு இணைப்பில் சேர்ந்திருக்கும். பின்னைச் செருகினால்தான் அது கிரவுண்டைத் தொட்டு, போர்டுக்கு மின்சாரம் போகும். பின் இல்லாமல் அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும், பேட்டரி புதிதாகவே இருந்தாலும். ஆகவே பின்னைச் செருகிவிட்டு, மீட்டரின் கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து அளவெடுங்கள். சோதனை முடியும்வரை 9 வோல்ட் பேட்டரியே போதும். பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுப்பகுதி மைனஸ்; மற்ற சாதனங்களின் அடாப்டர்கள் பலவற்றில் அது பிளஸ். தவறானதைச் செருகினால் இல்லாத பழுதையும் வரவழைத்துக்கொள்வோம்.

மின்சாரம் சரி என்றால் ட்ரான்ஸிஸ்டரின் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற மூன்று கால்களையும் அளந்து பாருங்கள். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960-களின் இறுதியில் விற்கத் தொடங்கிய எல்பிபி-1 பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஒரே ட்ரான்ஸிஸ்டர் கொண்ட அந்தச் சர்க்யூட் முதல் முயற்சிக்கு ஏற்றது. 430 கிலோ ஓம், 43 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் பேஸுக்கான மின்னழுத்தத்தை நிர்ணயிக்கின்றன. கடையில் எளிதாகக் கிடைக்கும் 470, 47 போட்டாலும் விகிதம் மாறாது. கலெக்டரில் 10 கிலோ ஓம், எமிட்டரில் 390 ஓம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பேஸில் 0.8 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், எமிட்டரில் ஏறக்குறைய 0.2 வோல்ட்டும், கலெக்டரில் 4-லிருந்து 5 வோல்ட் வரையும் காட்டும். கலெக்டரில் முழு 9 வோல்ட் நின்றால் ட்ரான்ஸிஸ்டர் வழியே மின்னோட்டமே இல்லை என்று பொருள். எமிட்டர் பக்கத்துச் சால்டர் ஒட்டவில்லை, அல்லது பேஸுக்கு வர வேண்டிய அழுத்தம் வரவில்லை. கலெக்டர் கீழே விழுந்து எமிட்டரை ஒட்டி நின்றால், 10 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 100 கிலோ ஓம் உட்கார்ந்திருக்கலாம். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்றால் பத்து. பழுப்பு, கருப்பு, மஞ்சள் என்றால் நூறு. ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ரெசிஸ்டரை மீட்டரில் பாருங்கள். போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாதைகளால் அளவு குறைவாகக் காட்டலாம். வண்ணம் சொல்வதைவிடக் கூடுதலாகக் காட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது.

நம் ஊர்க் கட்டுநர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ட்ரான்ஸிஸ்டரின் கால் வரிசை. வெளிநாட்டு வரைபடங்கள் பல 2என்5088 அல்லது 2என்3904-ஐக் கேட்கும். நம் கையில் இருப்பது பெரும்பாலும் பிசி547 அல்லது பிசி549. தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், முதல் வகையில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர்; இரண்டாவது வகையில் கலெக்டர், பேஸ், எமிட்டர். வரைபடத்தில் உள்ளபடியே பிசி549-ஐச் செருகினால் ட்ரான்ஸிஸ்டர் தலைகீழாக வேலை செய்யும். சத்தம் அடியோடு நிற்காமல் மெலிந்து வரலாம் என்பதால், பாகம்தான் சொத்தை என்று தோன்றும். உண்மையில் அதை அரை வட்டம் திருப்பி வைத்தாலே போதும்.

கரகரப்புதானே பல பெடல்களின் வேலை, அதில் பழுதை எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஃபஸ் எனப்படும் அந்தக் கரகர ஒலி பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்றின் ஒலிப்பதிவில், நாஷ்வில் ஸ்டுடியோ மிக்ஸரில் இருந்த கோளாறால் பேஸ் கிட்டார் உறுமியது. அதே ஒலியை வேண்டும்போது வரவழைக்க, பொறியாளர் க்ளென் ஸ்னாடி ஒரு சர்க்யூட்டை உருவாக்கினார். அதுவே கிப்சனின் மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 ஆக 1962-இல் விற்பனைக்கு வந்தது. இப்படிப்பட்ட ஒலியில் காது மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால்தான் வோல்ட் கணக்கை முதலில் பார்க்கச் சொல்கிறேன். காதின் முறை அதன் பிறகு வருகிறது.

அதற்கு வேண்டிய கருவி ஒரு பழைய கிட்டார் ஒயரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும்தான். ஒயரின் ஒரு முனை ஆம்ப்ளிஃபயரில் இருக்கட்டும். வெட்டிய மறுமுனையின் வெளிப்பின்னலை போர்டின் கிரவுண்டில் சேர்த்து, உள்கம்பியில் கெப்பாசிட்டரைக் கோத்து அதன் அடுத்த காலைத் தொடுமுனையாக்குங்கள். கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடும். போனில் சுருதிப் பெட்டி செயலியை ஓடவிட்டு, ஹெட்போன் வழியாகப் பெடலுக்குக் கொடுத்தால், மீட்டிக்கொண்டே இருக்க ஆள் தேவையில்லை. கிட்டார் ஆம்ப் இல்லையென்றால் மைக்செட் ஆம்ப்ளிஃபயரே போதும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். 230 வோல்ட் ஓடும் அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். இனி முதல் கெப்பாசிட்டரின் இரு பக்கமும், பேஸ், கலெக்டர், கடைசிக் கெப்பாசிட்டர், வால்யூம் என்று சிக்னல் போகும் வழியே தொட்டுக்கொண்டு போங்கள். சுருதி கேட்ட கடைசி இடத்துக்கும் கேட்காத முதல் இடத்துக்கும் நடுவில்தான் பழுது.

ட்ரான்ஸிஸ்டர் சில ரூபாய்தானே, மாற்றிப் பார்த்தால் என்ன என்பார்கள். நஷ்டம் ட்ரான்ஸிஸ்டரில் இல்லை. திரும்பத் திரும்பச் சூடுபட்டால் போர்டின் செப்பு வளையம் பெயர்ந்து வரும், பிறகு இரண்டு பழுதுகளைத் தேட வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை சூடாக்கிவிடு என்ற அறிவுரை சில நேரம் பலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மங்கி உருண்டு நிற்கும் புள்ளி கண்ணில் பட்டால் அதைச் சூடாக்குவது சரிதான். ஆனால் திரும்பி நிற்கும் ட்ரான்ஸிஸ்டரையோ இடம் மாறிய ரெசிஸ்டரையோ எந்தச் சூடும் சரிசெய்யாது. திறந்திருக்கும்போது பாடிய பெடல் மூடியைத் திருகியதும் நின்றால், அதற்கும் அயர்ன் வேண்டாம். ஜாக்கின் காலோ போர்டின் அடிப்பக்கமோ உலோகப் பெட்டியைத் தொடுகிறது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மறுபடி மூடுங்கள்.