நுரையோடு செம்பு போகுமா?

கேள்வி: ஐயா, சங்கரன்கோவில் பக்கம் சின்னதாகச் சாயப்பட்டறை நடத்துகிறேன். விசைத்தறிச் சேலைகளுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கிறோம். கழிவுநீரில் செம்பு கூடுதலாக இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. டி.ஏ.எஃப். மெஷின் போட்டால் காற்றுக்குமிழி எல்லா உலோகத்தையும் மேலே தூக்கிவிடும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்த மெஷின் காற்றை அழுத்தத்தில் தண்ணீரில் கரைத்து, தொட்டிக்குள் வந்ததும் அழுத்தத்தை விடுவிக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய குமிழிகள் கிளம்பித் தண்ணீரே வெளுத்துத் தெரியும். ஆனால் அவை துகளில்தான் ஒட்டும். கரைந்து கிடக்கும் உலோகத்தை முதலில் துகளாக்க வேண்டும். சாதாரணச் செம்பு உப்பென்றால், சுண்ணாம்பு விட்டு பி.எச். அளவை 9 பக்கம் கொண்டுவந்தாலே திரிந்துவிடும். அதன்பின் குமிழி தூக்கும்.

உங்கள் செம்பு அப்படிப்பட்டதா என்பதுதான் எனக்குச் சந்தேகம். மயில்கழுத்து நிறத்துக்கு ரியாக்டிவ் டர்காய்ஸ் போடுகிறீர்களா? அந்தச் சாயத்தின் மூலக்கூறு நடுவிலேயே செம்பு பூட்டப்பட்டிருக்கிறது. பி.எச். ஏற்றுவதால் மட்டும் அது வெளியே வராது. இரும்பு உப்போ படிகாரமோ போட்டு, திரளும் பிசிறில் சாயத்தையே ஒட்டவைத்துத் தூக்கிப் பார்க்கலாம். எவ்வளவு போட வேண்டும் என்பது சாயத்துக்குச் சாயம் மாறும். உங்கள் தண்ணீரையே கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிச் சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கரைந்த அயனியையே சோப்புப் போன்ற பொருளால் பிடித்து நுரையில் ஏற்றும் முறையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஃபெலிக்ஸ் செபா 1959இல் அதை வெளியிட்டார். அந்தப் பொருளுக்குச் செலவு அதிகம், மிச்சம் தண்ணீரிலேயே தங்கும். பட்டறைக்குச் சரிப்படாது.

ஆய்வகத்தில் ஒரே மாதிரியை இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்லுங்கள்: அப்படியே ஒன்று, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து ஒன்று. வடித்த நீரிலும் செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் (நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான வரம்பு அது) வெறும் மெஷினால் பயனில்லை. சாயம் போடச் சேர்க்கும் உப்பையும் குமிழி தொடாது. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதன் பின்னணியில் நொய்யல் ஆற்றை நாசமாக்கிய உப்பும் இருந்தது.

மேலே திரளும் நுரையில்தான் செம்பு முழுதும் இருக்கும். அதைப் பட்டறைக்குப் பின்னால் கொட்டாதீர்கள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு, மூடிய பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. உலர்த்தி, கூரைக்கடியில் டிரம்மில் வைத்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோல அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்புங்கள். மெஷின் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.