பொதிக்குதிரையோடு பொன் தேடப் போனால்

1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில், பின்னர் பொனான்சா என்று பெயர் பெற்ற ஓடையில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஜூலையில் செய்தி சியாட்டிலை எட்டியதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அலாஸ்காவின் ஸ்காக்வே கரையில் இறங்கி, வொயிட் பாஸ் கணவாயைத் தாண்டி யூகான் நதியில் படகேறுவதற்காகப் பென்னட் ஏரிக்குப் போக முயன்றார்கள். சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதை. 1897-98இல் அந்த வழியில் மாண்ட பொதி விலங்குகள் ஏறத்தாழ 3,000. அவை விழுந்து கிடந்த பள்ளத்துக்குச் ‘செத்த குதிரைப் பள்ளம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மலை கடுமையானதுதான். ஆனாலும் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை. குதிரையை அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் பொதி ஏற்றிப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

1. பல்லையும் காலையும் பார்த்து வாங்குங்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையை அவசியம் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய கிழக்குதிரைகளும் சியாட்டிலில் கப்பலேறின; ஸ்காக்வேயில் அவற்றுக்கும் பல மடங்கு விலை கிடைத்தது.

2. சுமையைக் கணக்குப் போடுங்கள். ஓராண்டுக்கான உணவு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று எல்லையில் கனடாவின் குதிரைப் போலீசார் நின்றார்கள். கருவிகளும் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு டன். மலையில் ஒரு குதிரைக்கு 90 கிலோவே அதிகம். ஒரே குதிரை என்றால் ஒரே வழியைப் பத்து முறைக்கு மேல் நடக்க வேண்டும். குதிரைகளைக் கூட்டுங்கள், இல்லையென்றால் நாட்களைக் கூட்டுங்கள்.

3. சேணத்தைப் பொறுமையாகக் கட்டுங்கள். முதுகில் விரிக்கும் கம்பளியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மாலைக்குள் தோல் உரியும். சில நாளில் புண் சீழ் பிடிக்கும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். சிறிது தூரம் நடந்த பிறகு நிறுத்தி, தளர்ந்த வாரை மறுபடி இறுக்குங்கள். இதைச் செய்யாதவர்களின் பொதி சரிவில் ஒரு பக்கமாகச் சாயும். குதிரையும் அதோடு சாயும்.

4. தீவனத்தையும் சுமையில் சேருங்கள். வொயிட் பாஸ் வழியில் மேய்ச்சலை நம்ப முடியாது, பாறையும் சேறும்தான். மனிதனுக்கு மாவும் பன்றிக்கறியும் கட்டியவர்கள் குதிரைக்கு ஓட்ஸ் கட்ட மறந்தார்கள்.

5. தினமும் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். சிக்கிய கல்லை எடுங்கள். லாடம் ஆடினால் அன்றே சரிசெய்யுங்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். முறிந்தால் அந்தக் குதிரையின் பயணம் அங்கேயே முடிந்தது.

செய்யக்கூடாதவை

1. பொதியோடு நிற்க விடாதீர்கள். 1897 இலையுதிர்கால மழையில் பாதை சேறாகி, வரிசை நகராமல் நின்றது. முதுகில் சுமையோடு குதிரைகள் மணிக்கணக்கில் நனைந்தபடி நின்றன. நடப்பதைவிட அப்படி நிற்பது அவற்றைச் சீக்கிரம் வீழ்த்தியது. வரிசை நின்றால் பொதியை இறக்குங்கள்.

2. ஏற முடியாத இடத்துக்கு ஓட்டாதீர்கள். பக்கத்திலிருந்த சில்கூட் கணவாயின் கடைசி ஏற்றம், குளிர்காலத்தில் பனியில் வெட்டிய செங்குத்தான படிகள். அங்கே சுமை மனித முதுகில்தான் ஏறியது. தலைமுறைகளாக அந்தத் தடத்தை அறிந்த டிலிங்கிட் மக்கள் கூலிக்குச் சுமந்தார்கள். விலங்கால் முடியாத இடத்தில் ஆளுக்குக் கூலி கொடுங்கள்.

3. விழுந்ததை அடித்து எழுப்பாதீர்கள். முதலில் கயிற்றை அறுத்துப் பொதியை எடுங்கள். தலையை விடுவித்து, மூச்சு வாங்க நேரம் கொடுங்கள்.

4. கால் ஒடிந்ததை அப்படியே விட்டுப் போகாதீர்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழுக்காகப் போன டாப்பன் ஆட்னி போன்றவர்கள் இந்தப் பாதையில் குதிரைகள் பட்ட பாட்டைப் பதிவுசெய்தார்கள். உயிர் போகாத குதிரைகளின் மீதே பின்னால் வந்தவர்கள் நடந்து போனதும் உண்டு. காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், வலியை உடனே முடித்துவைப்பது உடையவரின் கடமை.

5. அவசரப்படாதீர்கள். மற்ற நான்கு தவறுகளும் இதிலிருந்தே வந்தன. செப்டம்பரில் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு போனவர்களில் பலர் கணவாயையே தாண்டவில்லை. தாண்டியவர்களும் யூகான் நதி உறைந்ததால் ஏரிக்கரையில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1898 மே 29 அன்று பனிக்கட்டி உடைந்த பிறகுதான் படகுகள் நகர்ந்தன. தங்க ஓடைகளுக்கு அருகிலிருந்த டாசன் நகரை அடைந்தபோது நல்ல ஓடைகளெல்லாம் முன்பே பிறர் பெயரில் பதிவாகியிருந்தன. ஒரு வாரம் மிச்சமாகும் என்று குதிரையைக் கொன்றவர், தானும் மாதக்கணக்கில் காத்திருந்தார். நிதானமாக, குதிரைக்கு ஓய்வு கொடுத்து வந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது; குதிரை பிழைத்திருக்கும்.