பதினைந்து நாள் கெடு

அன்புள்ள மருமகனுக்கு,

போனில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம் மிளகு அளவு வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம், காரம் பட்டால் உயிர் போகிறது என்கிறாய். சாதாரண வாய்ப்புண்தான். இது யாருக்கும் ஒட்டாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும்.

பெரணமல்லூரில் யாரைக் கேட்டாலும் உடம்புச் சூடு என்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளி, தப்பில்லை. ஆனால் கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் வரும், உடைந்த பல் முனை உரசினாலும் வரும். முகூர்த்த ஆர்டருக்காக ராத்திரி கண்விழித்துத் தறியில் உட்கார்ந்தாலும் வரும். சிலருக்குப் பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் ஒத்துக்கொள்வதில்லை. உனக்கு மாதாமாதம் வருகிறது என்பதால் இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 குறைகிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார். மெடிக்கலில் நீயாக பி-காம்ப்ளக்ஸ் வாங்கி விழுங்குவதைவிட அது மேல்.

இப்போதைக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளி. வலி தாங்கவில்லையென்றால் டாக்டர் ட்ரையாம்சினலோன் பசை எழுதித் தருவார். படுக்கும் முன் புண்ணின் மேல் ஒற்றி வை, தேய்க்காதே. அம்மாவை மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யச் சொல். வாய்க்கு இதமாக இருக்கும்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். படத்தில் புண்ணுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது உன் பல்லில் இருந்த கறை. காரணம் எனக்குத் தெரியும். குழித்தறியில் கால் மிதியில் இருக்கிறது, கை நாடாவில் இருக்கிறது, பட்டுப் பாவின் மேல் பொறி விழும் என்று பீடி பிடிக்கவும் முடியாது. வாய் மட்டும் சும்மா இருக்கிறது. பக்கத்துத் தறிக்காரர் ஒரு சிட்டிகை குட்கா நீட்டுகிறார். தமிழ்நாட்டில் 2013-லேயே குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தார்கள். தடை இருக்கிறது, பாக்கெட்டும் கிடைக்கிறது.

புகையிலை இல்லாத வெறும் பாக்குதானே என்று சொல்லாதே கண்ணு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்சதை மெல்ல மெல்ல நார்போல இறுகும். முதலில் காரம் எரியும், அப்புறம் வாய் திறப்பது குறையும். கண்ணாடி முன் நின்று, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பார். நுழையவில்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ. இறுகியது பழையபடி இளகாது. மெல்லுவதை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம்.

நர்ஸாக இருந்த காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: வலித்த புண்ணுக்கு ஓடி வருவார்கள், வலிக்காத புண்ணை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஆபத்தான புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டாகவோ, சிவப்புத் திட்டாகவோ, விளிம்பு தடித்த புண்ணாகவோ வரும். எந்தப் புண்ணானாலும் பதினைந்து நாள் கெடு. அதைத் தாண்டினால் ஆரணி அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் இங்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, வீட்டில் நான் இருக்கிறேன்.

வாயைத் திறந்து பார்ப்பதால் என்ன பயன் என்று நினைக்காதே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் 13 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவற்றில் ஏழு ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் இறந்தவர்கள் அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2005-இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது.

நிறுத்துகிறவர்களை ஏமாற்றுகிற ஒரு விஷயமும் உண்டு. பழக்கத்தை விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு வாய்ப்புண் கூடுதலாக வரும். ‘விட்டதால்தான் வந்தது’ என்று மறுபடி பாக்கெட்டைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் புண்ணும் ஆறிவிடும், உப்புத் தண்ணீரோடு பொறுத்துக்கொள். தனியாக முடியவில்லையென்றால் 1800112356 என்ற இலவச எண்ணுக்குப் பேசு.

உன் அப்பாவும் வெற்றிலைப் பெட்டியை விடமாட்டான் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் அவன் வாயையும் டார்ச் அடித்துப் பார். நாக்கின் அடி, இரண்டு கன்னம், ஈறு எல்லாம். திட்டினால் அக்கா சொன்னாள் என்று சொல். பார்த்ததை எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அத்தை