மலையேரிக்குப் புறப்படுவோருக்குச் சில சித்திரை மாத ஆலோசனைகள்

மணிலா பிடுங்கிக் களத்தில் காய்ந்து மூட்டையாகி, பள்ளிக்கூடப் பரீட்சைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடிவுறும் இந்நாட்களில், கிளியனூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் திண்ணைக்குத் திண்ணை எழுகின்ற கேள்வி, இந்த வருஷம் பிள்ளைகளை எந்த மலைக்கு அழைத்துச் செல்வது என்பதே. மலை என்று சொன்னாலும், பிள்ளைகளின் மனத்தில் இருப்பது மலையன்று; அங்குள்ள ஏரியும், அந்த ஏரியின் படகுத்துறையும், அத்துறையில் கட்டிக் கிடக்கும் மிதிபடகுகளுமே. ஆகவே அந்தப் படகுப் பிரயாணத்தை இந்தப் பருவத்தில் சிரமமின்றியும் அபாயமின்றியும் அநுபவிப்பதற்கு இப்போதே செய்ய வேண்டியவை எவையென்று எழுதி வைப்பது உபயோகமாயிருக்கும்.

முதலாவது, காலத்தைப் பற்றியது. மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் சமவெளியிலுள்ள ஜனங்கள் அனைவரும் ஒரே சமயத்தில் மலையை நினைக்கின்றார்கள். அதே மாதத்தில்தான் உதகையில் மலர்க்கண்காட்சியும், கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் கோடை விழாக்களும் நடைபெறுகின்றன. மலர்க்கண்காட்சியை ஆயுளில் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும்; ஆனால் மலரையும் படகையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் நிற்கும் வண்டியின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரத்தில், திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் இடைப்பட்ட நாட்களாகப் பார்த்துப் போய்வருவதே உத்தமம். ஊரில் திரௌபதி அம்மன் உற்சவத்துக்குக் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் அதன்பின் வெளியூர்ப் பிரயாணம் கூடாதென்று பெரியவர்கள் தடுப்பார்களாகையால், அந்த நாளையும் முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இடத்தைத் தெரிந்தெடுப்பது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்ற ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகத் திருப்பத்தூர் சேர்ந்து, பதினான்கு வளைவுகளைக் கடந்து ஏறும் ஏலகிரி, உயரம் ஆயிரம் மீட்டரை ஒட்டியதே. அங்குள்ள புங்கனூர் ஏரி சிறிய செயற்கை ஏரி. சிறு குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு அது சௌகரியமான இடந்தான் என்றாலும், மே மாதத்து உச்சிவேளையில் திண்டிவனத்தை முற்றிலும் மறந்துவிடும்படியான குளிர்ச்சியை அங்கே எதிர்பார்ப்பது நியாயமன்று. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் கரியாலூரிலும் ஒரு படகுத்துறை உண்டு. கூட்டத்தை வெறுப்பவர்கள் அங்கே போகலாம், ஆனால் பெரிய ஊர்களின் வசதிகளைத் தேடக்கூடாது. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று, அங்கிருந்து இருபது வளைவுகள் ஏறினால் வருவது ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஊரின் நடுவிலேயே ஏரி அமைந்திருப்பதால், பஸ்ஸிலிருந்து இறங்கிய சிறிது நேரத்திற்குள் படகில் ஏறிவிடலாம். இரண்டு நாள் அவகாசமும் மிதமான கைச்செலவும் உடைய நம் வட்டாரத்துக் குடும்பத்துக்கு ஏற்காட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே சொல்வேன். மூன்று நான்கு நாட்கள் ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் கொடைக்கானலையோ உதகையையோ நினைக்கட்டும்.

அப்படி நினைப்பவர்கள் வண்டியை எடுக்குமுன் அநுமதிச் சீட்டை எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் அதற்கு ஓர் எல்லையும் வகுக்கப்பட்டு, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும், நீலகிரிக்கு முறையே 6,000, 8,000 வண்டிகளுமே அநுமதிக்கப்பட்டன. இந்த ஆண்டின் விதி எவ்வாறிருக்கிறதென்பதைப் புறப்படுமுன் அரசாங்கத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். சீட்டில்லாமல் மலையடிவாரம் வரை போய், சோதனைச்சாவடியில் திரும்பி வருவதைவிட அவமானகரமான பிரயாணம் வேறில்லை. அரசுப் பஸ்ஸில் செல்வோருக்கு இந்தத் தொல்லை இல்லை. விழுப்புரம் சந்திப்பில் இரவு வண்டி ஏறிக் கொடைரோட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மலையேறுவது பழைய வழக்கமானாலும் இன்றைக்கும் நல்ல வழக்கமே. இரயிலில் முன்பதிவு இப்போது பிரயாண நாளுக்கு அறுபது நாள் முன்பிருந்துதான் திறக்கப்படுகிறது என்பதையும், மே மாதத்து இரவு வண்டிகள் திறந்த உடனே நிறைந்துவிடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். இவ்விரு மலைகளிலும் நெகிழி நீர்ப்புட்டிகளுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லவும்.

ஏரிக்கரையில் வளர்ந்தவர்களாகிய நமக்கு ஏரியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் இயல்பாகவே இருக்கும். கரை, மதகு, கலிங்கல் என்று சின்ன வயது முதல் பழகிய நாம், கொடைக்கானல் ஏரியைப் பார்த்தவுடனே இதுவும் யாரோ கரை கட்டித் தேக்கிய நீர்தான் என்று கண்டுகொள்வோம், அது உண்மையே. மதுரைக் கலெக்டராயிருந்த வெரே ஹென்றி லெவிஞ் என்பவர் 1863-இல், மலைச்சரிவுகளுக்கிடையே ஓடிய ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு அதை உண்டாக்கினார். பல பள்ளங்களிலும் நீர் புகுந்து நின்றதால் அது நட்சத்திர வடிவம் கொண்டது. மலைக்கு மோட்டார்ப் பாதை என்ற ஒன்றே இல்லாத அந்தக் காலத்தில், தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து அதில் மிதக்கவிட்டார் என்பர். 1890-இல் அங்கே படகுச் சங்கம் ஒன்று ஏற்பட்டு, வெகுகாலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான உல்லாசமாக இருந்து, பின்னர்தான் பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. உதகை ஏரியோ அதற்கும் முந்தியது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்தது.

ஆனால் நம் ஏரிக்கும் மலையேரிக்கும் ஒற்றுமை அவ்வளவோடு நிற்கிறது. நம்மூர் ஏரியில் நீர்ப்பிடிப்புப் பக்கத்திலிருந்து இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று நீர் படிப்படியாக உயர்ந்து நமக்கு எச்சரிக்கை செய்துகொண்டே வரும். மலைப் பள்ளத்தாக்கில் தேங்கிய நீரில் அந்த மரியாதை கிடையாது. கரையை ஒட்டி நீர்ப்பாசி அடர்ந்து வளர்ந்து காலைச் சுற்றிக்கொள்ளும். நீரின் குளிர்ச்சியோ, எதிர்பாராமல் விழுந்தவனை முதல் சில கணங்களில் மூச்சு வாங்கித் திணற வைத்துவிடும் தன்மையது. அந்த வேளையில் ஒரு மிடறு நீரை உள்ளே இழுத்துவிட்டால், கிணற்றில் குதித்து விளையாடிய பழக்கமெல்லாம் பயனற்றுப் போகும். எனவே நன்றாக நீந்தத் தெரிந்த வாலிபர்களே முதலில் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அங்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துறையில் ஆணிகளில் தொங்கும் ஆரஞ்சு நிற அங்கிகளில் ஒன்றை எடுத்ததும், முதல் காரியமாக அதன் கொக்கிகள் மூன்றும் பொருந்திப் பூட்டுகின்றனவா என்று பார்க்கவும். ஒரு கொக்கி உடைந்திருந்தாலும் கூச்சப்படாமல் வேறொன்று கேட்கவும். பூட்டிய பிறகு, தோளில் உள்ள பட்டையைப் பிறர் ஒருவர் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதளவு ஏறி வந்தால் அது தளர்வாக இருக்கிறது, நீரில் விழுந்தால் ஆள் கீழேயும் அங்கி மேலேயுமாகப் பிரிந்துவிடும் என்று பொருள். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போட்டு இறுக்கிக் கட்டுவது பயனற்றது. அவர்களுக்கென்று உள்ள அளவில், கவட்டின் வழியாக வந்து பூட்டும் பட்டையோடு கூடியதையே கேட்டு வாங்க வேண்டும். முன்பு அணிந்தவரின் ஈரம் இருக்கிறதே, புடவை கசங்குகிறதே, புகைப்படத்தில் அழகாக இராதே என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பெண்மணிகளிடமும், அவர்களைவிட அதிகமாக ஆண்களிடமும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்; படகு கவிழவே கவிழாது என்று நம்புவதற்கில்லை.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் ஈரடுக்குப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தென்பட்ட மிருகங்களைப் பார்க்கும் ஆவலில் ஜனங்கள் ஒரே பக்கமாக நெருக்கியதும், படகின் மேல்தளத்துப் பாரமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. நமக்கு இன்னும் அருகில், 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகேறிய ஒரு கூட்டத்தில் 22 பேர் மாண்டார்கள். படகில் உட்காருகிறவர்கள் இவ்விரு தேதிகளையும் நினைத்துக்கொண்டு, எழுந்து நிற்காமலும், ஒருவருக்கொருவர் இடம் மாறிக்கொள்ளாமலும், எதைப் பார்த்தாலும் இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். ஆறு பேர் என்று எழுதியிருக்கும் படகில் ஏழாவதாக ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று படகோட்டியிடம் கெஞ்சாதீர்கள். அவர் சம்மதித்துவிட்டால் இன்னும் மோசம்.

ஏறும் விதமும் ஒன்று உண்டு. துறையின் விளிம்பிலிருந்து படகின் ஓரத்தில் கால் வைத்தால் அது உடனே துறையைவிட்டு விலகும். ஒரு கால் பலகையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கும் அந்த நிலையில்தான் பெரும்பாலோர் விழுகின்றனர். படகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, சிறிது குனிந்து, படகின் நடுவில் காலை ஊன்றி, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். வயோதிகர்களை முதலில் ஏற்றி, கனமானவர்களை இரு பக்கமும் சமமாக அமர்த்தி, பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்வது முறை.

படகுக்கு உகந்த வேளை காலைதான். சித்திரை, வைகாசி மாதங்களில் மலைகளில் முற்பகல் வரை வானம் தெளிவாயிருந்து, பிற்பகலில் கரிய மேகம் கூடி இடியும் மழையும் பிடித்துக்கொள்வது வழக்கம். திறந்த நீர்ப்பரப்பின் நடுவே இடிமழையில் அகப்படுவது மிகவும் அபாயகரம். தூரத்தில் இடி முழங்கக் கேட்டதும், கொடுத்த கட்டணத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கியிருக்கிறதே என்று கணக்குப் பார்க்காமல் துறைக்குத் திரும்புங்கள். காலையில் துறை திறக்கும் வேளைக்கே போய்விட்டால் வரிசையும் குறைவு, காற்றும் குறைவு; மிதிபடகை மிதிப்பவருக்கு எதிர்க்காற்று எவ்வளவு பெரிய சத்துரு என்பது திரும்பி வரும்போதுதான் தெரியும். பிற்பகலை, கொடைக்கானலானால் ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சாலையில் வாடகைச் சைக்கிளுக்கும், சுடச்சுட மிளகாய்ப் பஜ்ஜிக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தச் சாலையில் சில சமயம் காட்டெருமைகள் தாமாகவே வந்து நிற்கும். அவற்றின் அமைதியை நம்பி அருகே போய்ப் படம் பிடிக்க முயல வேண்டாம்.

தேக சௌக்கியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியாக இருப்பதால் வெயிலே இல்லை என்று எண்ணிவிடாமல் தொப்பி அணிக. உயரம் கூடக்கூடச் சூரிய ஒளியின் கடுமையும் கூடும், நீரிலிருந்து பிரதிபலிக்கும் ஒளி வேறு சேரும். மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்கள் வயிறு நிறைய உண்ணாமல் இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டு முன் வரிசையில் அமரட்டும். இருதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் ஏழாயிரம் அடி உயரத்துக்குப் போகுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பளிக் குல்லாயும் போர்வையும் அங்கே போய் வாங்குவதைவிட இங்கிருந்தே கொண்டுபோவது மலிவு.

எல்லாருக்கும் மலைப் பிரயாணம் வாய்ப்பதில்லை. அது வாய்க்காதவர்கள் புதுச்சேரிக்கு அப்பால் சுண்ணாம்பாற்றில் படகேறி ஒரே நாளில் திரும்பிவிடலாம். மேலே சொன்ன விதிகள் யாவும் அங்கேயும் பொருந்தும். பக்கத்திலிருக்கும் கழுவேலியில் படகு விளையாட்டை நினைக்க வேண்டாம்; 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற ஈரநிலம் அது, கோடையில் நீரும் வற்றிப்போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலைக்குப் போகாத பிள்ளைகள் விடுமுறையில் நீரைத் தேடாமல் இருக்கமாட்டார்கள். வானூர் வட்டாரத்தில் அவர்கள் தேடிப் போகும் நீர் பெரும்பாலும் கல்குவாரிக் குழிகளில் நிற்கும் நீர். செங்குத்தாக வெட்டிய அந்தக் குழிகளில் ஏறிவரப் படியுமில்லை, பிடித்துக்கொள்ளப் புல்லுமில்லை, துறையில் நிற்கும் படகோட்டியைப் போலக் கைகொடுக்க ஆளுமில்லை. நீந்தக் கற்றுக்கொடுக்க விரும்பும் தகப்பன்மார், படியுள்ள வயல் கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டி, தாமே கூட இறங்கிக் கற்றுக்கொடுக்கட்டும். பள்ளி திறக்கும்வரை குவாரிப் பக்கம் பிள்ளைகள் தனியே போகாதபடி, வீட்டுக்கு வீடு பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டுகிறேன்.